யாரோடு ஒப்பிடுவது?

ஒரு கல்லூரி ஆயத்தப் பயிற்சியில் நூறு ஏழைப் பிள்ளைகள் சேர்கிறார்கள், எண்பது பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் வெற்றிதானே? அவசரப்படக் கூடாது. விடுமுறையிலும் படிக்கத் தாமாக முன்வந்த பிள்ளைகள் அவர்கள். பயிற்சி கிடைக்காமல் போயிருந்தாலும் அவர்களில் எத்தனை பேர் கல்லூரிப் படி ஏறியிருப்பார்கள் என்று தெரிந்தால்தான் பயிற்சியின் பங்கு விளங்கும். இதை அறிய அமெரிக்கா நடத்திய ஓர் ஆய்வு இன்றும் பாடமாக நிற்கிறது.

அது எந்தத் திட்டம்?

அதிபர் லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்பு முயற்சியில் 1965-ல் பிறந்தது ‘அப்வேர்ட் பவுண்ட்’. சேர்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளாகவும், வீட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி நாட்களில் தனிப்பயிற்சி, கோடையில் கல்லூரி வளாகத்தில் ஆறு வாரப் படிப்பு, விண்ணப்பம் நிரப்ப வழிகாட்டல் எல்லாம் உண்டு.

எப்படி அளந்தார்கள்?

1990-களின் தொடக்கத்தில் 67 மையங்களில் விண்ணப்பித்த சுமார் 2,800 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இடம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. ஆர்வமும் குடும்பச் சூழலும் இரு பக்கமும் ஏறக்குறைய சமம் என்பதால், பின்னால் தெரியும் வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதலாம்.

முடிவு என்ன?

2009-ல் வந்த இறுதி அறிக்கை பலரைத் திகைக்க வைத்தது. கல்லூரியில் சேர்ந்தோர் விகிதத்தில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெறுவது மட்டும் கூடியிருந்தது.

அதற்காகத் திட்டம் வீண் என்று முடிவுகட்ட முடியாது. இடம் கிடைக்காதவர்களில் பலர் வேறு திட்டங்களின் உதவியைப் பெற்றிருந்தார்கள். ஆக, ‘உதவிக்கும் வெறுங்கைக்கும்’ இடையிலான ஒப்பீடாக அது அமையவில்லை. தவிர, 67 மையங்களில் ஒரே ஒரு மையத்துக்கு மொத்தக் கணக்கில் 26 சதவீத எடை தரப்பட்டதையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

சராசரிக்குள் மறைந்தது எது?

2004-ல் வெளியான இடைக்கால அறிக்கையில் ஓர் அரிய தகவல் இருக்கிறது. பட்டம் வரை படிப்போம் என்ற எண்ணமே இல்லாமல் வந்த மாணவர்களிடையே, நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தோர் விகிதம் 18 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஏற்கெனவே கனவோடு வந்தவர்களே அதிகம் என்பதால், சராசரியில் இந்த ஏற்றம் கரைந்துபோனது.

சிறிய உதவி போதுமா?

2012-ல் வெளியான இன்னோர் ஆய்வில், வருமான வரிக் கணக்கு நிரப்ப வந்த பெற்றோருக்கு அங்கேயே கல்வி உதவித்தொகைப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேருவது சுமார் 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. தகவலை மட்டும் கொடுத்து அனுப்பிய குடும்பங்களில் பலன் தெரியவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளும் திட்டம் தீட்டுவோரிடம் ஒன்றைக் கேட்கின்றன. தேர்ச்சி விகிதம் அழகாகத் தெரிய வேண்டும் என்று, எப்படியும் கரையேறிவிடும் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்க்காதீர்கள். கல்லூரி நமக்கில்லை என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். படிவத்தை நீட்டுவதோடு நிற்காமல், பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.