பாட்டிக்கு விசா இல்லை

அயல்நாட்டில் பிழைக்கப் போன பிலிப்பினோக்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வெளிவருவன பெரும்பாலும் பிரிவுத் துயரக் கதைகளாகவே இருப்பதால், ஒரு மாறுதலுக்காக, குடும்ப சமேதராகத் துபாயில் வந்து குடியேறிவிட்டவர்களின் வாழ்க்கையை, அதிலும் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளின் வாழ்க்கையை, சற்று மகிழ்ச்சியாகவே எழுதித் தரவேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. மகிழ்ச்சிக்கும் குறைவில்லைதான். வெயில் தாழ்ந்த பிறகு கராமாவிலும் ஸத்வாவிலும் தேராவின் ரிக்கா வீதியிலும் தள்ளுவண்டியில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு, நடைபாதை நெடுகச் சிரித்துப் பேசிக்கொண்டு போகும் அந்த இளந்தம்பதிகளைக் காண்பவர்கள், 'இவர்களுக்கு என்ன குறை?' என்றுதான் கேட்பார்கள். ஆனால் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பேசப் பேச, குறித்துக்கொண்டு போன கேள்விகளெல்லாம் பின்னுக்குப் போய், ஒரே விஷயம் என் மனத்தைப் பற்றிக்கொண்டது. அந்த வீடுகளில் பாட்டி இல்லை.

பிலிப்பைன்ஸ் தேசத்தில் குழந்தை வளர்ப்பு என்பது தாயின் தனிக் காரியமன்று. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போவது, பெரியவர்களைக் கண்டால் அவர்களுடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளப் பழக்குவது ஆகிய இவ்வளவும் பாட்டியின் ராஜ்யத்தைச் சேர்ந்தவை. 1974-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்பைத் தொழிற்சட்டத்திலேயே எழுதிவைத்து ஜனங்களை வெளியே அனுப்பத் தொடங்கிய அந்தத் திட்டம், அரை நூற்றாண்டு காலம் முறிந்துபோகாமல் நடந்துவருவதற்கு ஆதாரமாக இருப்பது மணிலாவின் காரியாலயங்கள் அல்ல, கிராமத்து வீட்டு வாசலில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் கிழவிதான் என்பது என் அபிப்பிராயம். 2024-ஆம் வருஷத்தில் இப்படி வெளியே போனவர்களிடமிருந்து வங்கிகளின் வழியாக மட்டும் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்த தொகை 3,400 கோடி டாலருக்கு மேல். அந்தக் கணக்கில் கிழவியின் உழைப்புக்கு ஒரு வரிகூடக் கிடையாது. 1988-இல் ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்த்துவந்த தம் நாட்டுப் பெண்களை அன்றைய ஜனாதிபதி 'புதிய வீரர்கள்' என்று போற்றினார். அந்தப் பெண்களின் தாய்மாருக்கு அப்படிப் பட்டம் ஏதும் சூட்டப்படவில்லை.

எந்தத் தொழில் பார்ப்பவராயினும், மாதம் 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹமும் ஜாகையுமோ இருந்தால் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் அமீரகத்தில் விதி மாறிய பிறகு, ஓட்டல் சமையற்காரர், வண்டியோட்டி முதலியோருக்கும் குடும்ப வாழ்க்கைக்கான கதவு திறந்தது. நல்ல விதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெற்றோரை வரவழைத்துக் கூட வைத்துக்கொள்வதற்குக் கேட்கப்படும் சம்பளமோ அதைவிட மிக அதிகம். ஆகவே சாமானிய வருவாய்க்காரன் ஒருவன் தன் பெண்டாட்டியைக் கூட்டிவரலாம், பிள்ளையைக் கூட்டிவரலாம். இந்த இருவரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய மூன்றாமவளைக் கூட்டிவர அவனால் ஆகாது.

கராமாவில் நான் அடிக்கடி போய்வந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். வீடு என்பதைவிட அறை என்பதே சரி. இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட்டில் ஒன்று இவர்களுடையது, மற்றொன்று வேறொரு குடும்பத்தினுடையது, சமையலறை இருவருக்கும் பொது. புருஷன் ஓட்டல் ஒன்றின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறான். மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இருவரும் பிலிப்பைன்ஸின் இலோயிலோ பக்கத்துக்காரர்கள். மூத்த பையனுக்கு ஐந்து வயது. இளையவள் பிறந்து எட்டு மாதம். பிள்ளை பிறந்த 120 நாளுக்குள் அதற்குத் தாய்நாட்டுப் பாஸ்போர்ட்டும் அமீரக விசாவும் வாங்கியாக வேண்டும் என்பதால், பச்சை உடம்புக்காரியின் புருஷன் காகிதக் கட்டோடு அலைந்த கதையை அவன் வேடிக்கையாகவே சொன்னான். வேடிக்கையில்லாத கதையை அவள் சொன்னாள். தாய்நாட்டில் 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி 105 நாள் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை; இங்கே தனியார் துறையில் 60 நாள், அதிலும் 45 நாளுக்குத்தான் முழுச் சம்பளம். முன்பெல்லாம் மொத்தமே 45 நாள்தான் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். இரண்டு மாதக் குழந்தையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிற பெண்ணுக்கு அந்தச் சமாதானத்தால் என்ன பிரயோஜனம்?

அந்த இரண்டு மாதமும் பாட்டி வந்திருந்தாள், விஸிட் விசாவில். பிரசவித்தவள் சீக்கிரம் எழுந்து உடம்பை வருத்தினால் நோய் திரும்பிவிடும் என்கிற நம்பிக்கை அவர்களிடையே பலமாக உண்டு. நம் கிழவிகளும் வேறு வார்த்தையில் இதையேதான் சொல்வார்கள். மகளைத் தலைக்குக் குளிக்க விடாமல், குளிர்சாதனத்தை நிறுத்திவைத்து, வயிற்றைப் பிடித்துவிட்டு, தினந்தோறும் இஞ்சியும் பச்சைப் பப்பாளிக்காயும் போட்ட கோழி சூப்பில் கை நிறைய முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் குடிக்கச் செய்தாளாம், பால் சுரப்பதற்காக. கீரை வாங்கியது கராமாவில் நம்மவர் நடத்தும் காய்கறிக் கடையில். கட்டு கட்டாய்ப் பிரித்துப் பார்த்து, முற்றலென்று இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்த அந்த அம்மாளுக்கும் கடைக்காரருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. பேரம் மட்டும் குறைவில்லாமல் நடந்தது என்று மருமகன் சிரித்தான். பதினோராவது மாடியில் பேச்சுத் துணைக்கு ஆளின்றி, மூடிய ஜன்னலுக்குள் அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விசா முடிந்தது, போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் அசல் அயல்நாட்டு வாழ்க்கை.

அவன் காலையில் போனால் மாலை ஏழு மணிக்குத்தான் திரும்புவான். அவளுக்கோ சில வாரம் பகல் வேலை, சில வாரம் இரவு வேலை. பகல் வேலையானால் குழந்தை கீழ்மாடியில் தம் நாட்டுப் பெண்மணி ஒருத்தியிடம் இருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்தை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள், அன்பானவள், கைராசிக்காரி. அவளுடைய சொந்தக் குழந்தைகள் இருவரும் தாய்நாட்டில், பங்கஸினானில், அவளுடைய தாயாரிடம் வளர்கிறார்கள். அதாவது, ஒரு பாட்டி அங்கே பேரப்பிள்ளைகளைச் சுமப்பதனால்தான், பாட்டியில்லாத இந்த வீட்டுப் பிள்ளையை இங்கே ஒருத்தி சுமக்க முடிகிறது. இந்த ஏற்பாட்டில் எல்லோரும் யாரோ ஒருவருடைய குழந்தையை வளர்க்கிறார்கள். தன் மகளின் குழந்தையை வளர்க்க வழியில்லாமல் கைகட்டி உட்கார்ந்திருப்பவள் இலோயிலோ அம்மாள் ஒருத்திதான்.

கைகட்டி என்றேனே தவிர, அவளும் சும்மா இருப்பதில்லை. இங்கே மாலை ஏழு மணி என்றால் அங்கே இரவு பதினொன்று. அதுவரை கண்விழித்திருந்து செல்பேசியில் பேரனைக் கூப்பிடுகிறாள். நான் இருந்தபோதே ஒருநாள் அழைப்பு வந்தது. பையன் சாப்பாட்டுத் தட்டை விட்டெழுந்து ஓடிவந்து, திரையில் தெரிந்த பாட்டியின் கைமேல் நெற்றியை வைத்து அழுத்தினான். அழுத்திய வேகத்தில் அழைப்பு துண்டித்துப்போயிற்று. மறுபடி கூப்பிட்டு, மறுபடி ஒற்றிக்கொண்டு, இம்முறை ஜாக்கிரதையாக, அவள் தங்கள் ஊர் மொழியான ஹிலிகாய்னோனில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அப்பா நடுவில் மொழிபெயர்த்தார். கண்ணாடியில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

பாட்டி இல்லாவிட்டால் என்ன, குழந்தை ஞானஸ்நானத்தின்போது நிற்கும் ஞானத் தாய் தந்தையர் இருக்கிறார்களே, அவர்கள் உறவுதானே என்று புருஷன் வாதாடினான். உண்மை, ஒரு குழந்தைக்குப் பத்துப் பேர்கூட நிற்பது அவர்கள் வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் நடக்கும் பூசையை, தாய்நாட்டில் விடியுமுன் நடத்துவதை, இங்கே வேலைக்குப் போகிறவர்களின் சௌகரியத்துக்காக மாலையில் வைத்திருக்கிறார்கள். ஊத் மேத்தா பகுதியின் மாதா கோயில் வளாகம் கொள்ளாமல் ஜனம் நிற்கும். குழந்தைகளைத் தூக்க நூறு கைகள் நீளும். ஆனால் அத்தனை கைகளும் மறுநாள் காலை வேலைக்குப் போகிற கைகள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு முகத்தை அந்தக் கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமியார் தொந்தரவு இல்லாமல் பிள்ளையைத் தம் இஷ்டப்படி வளர்க்க முடிகிறதே என்று மகிழும் பெண்களும் சிலர் உண்டு, அவர்களையும் பார்த்தேன்.

மாசம் தோறும் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, ஊருக்கு அனுப்பும் பெட்டி ஒன்று கட்டிலடியில் பாதி நிரம்பியிருந்தது. டப்பி இறைச்சி, சோப்பு, பற்பசை, துண்டுகள் ஆகிய வழக்கமான சாமான்களோடு, இம்முறை குழந்தைச் சட்டைகளும் இருந்தன. இங்கே இருக்கும் குழந்தையின் சட்டைகளை அங்கே அனுப்புவானேன் என்று கேட்டதற்கு, பெண் தலைகுனிந்து கணக்குச் சொன்னாள்: பையனுக்குப் பள்ளிக் கட்டணம், அறைக்கு வாடகை, கீழ்மாடிப் பெண்மணிக்குக் கொடுப்பது, இவற்றைக் கூட்டினால் அவளுடைய சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே இளையவளை இலோயிலோவில் கொண்டுபோய் விடப்போகிறார்கள். கப்பலில் பெட்டி முன்னால் போகும், விமானத்தில் குழந்தை பின்னால் போகும். ஒரு வருஷம் போதும் என்கிறாள் அவள், பள்ளியில் சேர்க்கும் வயது வரட்டும் என்கிறான் அவன். புருஷன் பெண்சாதிக்குள் அந்த வழக்கு தீரவில்லை, டிக்கெட் மட்டும் வாங்கியாகிவிட்டது.