குருவுக்குக் கைப்படச் செய்த காணிக்கை

அவந்தி நகரில் சாந்தீபனி முனிவரின் ஆசிரமம். ஒருநாள் அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்தது. அங்கே பாடம் பயின்றுவந்த கண்ணனையும் குசேலரையும் குருபத்தினி காட்டுக்கு அனுப்பினார். பருவம் தப்பிய பெருமழை பிடித்துக்கொண்டது. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாதபடி வெள்ளம் சூழ்ந்தது. சிறுவர் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு இரவெல்லாம் காட்டில் அலைந்தனர். பொழுது புலர்ந்ததும் குருவே அவர்களைத் தேடி வந்தார். நனைந்து நடுங்கி நின்ற பிள்ளைகளைக் கண்டு உள்ளம் உருகி, நல்ல சீடர் குருவுக்குச் செய்யத்தக்க கைம்மாறு இதுவே என்று கூறி ஆசி வழங்கினார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, துவாரகை அரண்மனையில் தம் பழைய தோழரை அமர்த்தி உபசரித்த பகவான் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்வதாக ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் கூறுகிறது. குருவின் இறந்த மகனையே மீட்டுவந்து தட்சிணையாக ஒப்படைத்தவர் கண்ணன். அவ்வளவு பெரிய காணிக்கையைக் கொடுத்தவர், தோழரிடம் நெகிழ்ந்து பேசியதோ அன்று சுமந்த விறகைப் பற்றி!

குருவை நாடிச் செல்பவன் கையில் சமித்துடன் செல்ல வேண்டும் என்பது முண்டக உபநிடதம் காட்டும் நெறி. சாந்தோக்கிய உபநிடதத்தில், தேவர்களின் அரசனான இந்திரனும் பிரஜாபதியிடம் சமித்தை ஏந்தியே செல்கிறான். பொன்னுக்குக் குறைவில்லாத அவன் கையிலும் சுள்ளிகள்தாம். காளிதாசரின் ரகுவம்சத்தில் வரும் வரதந்து முனிவரும், கௌத்சர் செய்த பணிவிடையே போதும் என்றுதான் முதலில் கூறினார். சீடர் விடாமல் வற்புறுத்தியதால் சினம் கொண்டே 14 கோடிப் பொன் கேட்டார். கோடிக்கணக்கு வந்தது அந்தப் பிடிவாதத்தினால்.

இன்றோ நிலைமை வேறாகிவிட்டது. திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்தநாளான செப்டம்பர் 5, ஆசிரியர் தினமாக 1962 முதல் கொண்டாடப்படுகிறது. அந்நாள் நெருங்கினால் பல இல்லங்களில் பிள்ளைகள் கடைப்பொருளுக்காக அடம் பிடிக்கின்றனர். சுவர்க்கடிகாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை, பளபளக்கும் காகிதம் சுற்றிய பீங்கான் குவளை. வசதியுள்ள பிள்ளை முன்வரிசையில் நின்று நீட்டுகிறது. இல்லாத பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசியில் நிற்கிறது. அதைக் காணும் நல்லாசிரியரின் மனமும் நோகத்தான் செய்யும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பரிசு பெறுவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடும் உண்டு.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் ஆற்றல் வீட்டிலுள்ள பெரியோரின் கைகளில் இருக்கிறது. பூத்தொடுக்கவும், திரி திரிக்கவும், கிழிசலைத் தைக்கவும் பழகிய கைகள் அவை. பெட்டியடியில் மடித்து வைத்த பழைய பட்டுப்புடவை ஒன்று போதும். நைந்துபோன உடற்பகுதியை விட்டு, உறுதியான கரைப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாண் அகலம், இரண்டு சாண் நீளத்தில் துணியை வெட்டி, உட்புறம் வெளியே தெரியும்படி இரண்டாக மடிக்க வேண்டும். மேலே மூன்று விரற்கடை விட்டு இரு பக்கங்களையும் தைத்து, மேல் விளிம்பை மடித்து, கயிறு நுழையும் அளவுக்கு இடம் விட்டு ஓட்டுத்தையல் போட வேண்டும். பையைத் திருப்பி, இடப்புறமிருந்து ஒரு கயிறும் வலப்புறமிருந்து ஒரு கயிறும் முழுச்சுற்றாகக் கோத்து முடிந்தால் சுருக்குப்பை தயார். பாட்டியின் கண்ணுக்கு ஊசிக்காது தெரியாது. நூல் கோப்பது பேரனின் வேலை. அந்தப் பங்கு அவனுக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவரே முழுவதும் தைத்துக் கொடுத்தால் அது பாட்டியின் பரிசாகிவிடும், மாணவனின் காணிக்கையாகாது.

அப்பைக்குள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறிது வெட்டிவேரை முடிந்து வைத்தால், ஆசிரியர் வீட்டுத் துணி அலமாரி நெடுநாள் மணக்கும். வெறும் பையாகத் தந்தாலும் மூக்குக்கண்ணாடியும் சிவப்பு மைப் பேனாவும் வைத்துக்கொள்ள உதவும்.

தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டி இருந்தால் மஞ்சள் பை தைக்கலாம். துணியைப் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மஞ்சள்தூள் கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்தால் நிறம் வெளுத்துவிடும். சோப்பு நீர் பட்டால் சிவந்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தி கரைத்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையைக் கொடுக்கும்போது இந்தச் செய்தியையும் சொல்லிவிடுவது நல்லது.

விளக்கேற்றும் வழக்கமுள்ள ஆசிரியர் என்றால் பஞ்சுத்திரி மிகப் பொருத்தம். கொட்டை நீக்கிய பஞ்சை நீளவாக்கில் பிரித்து, விரல்களில் சிறிது திருநீறு தொட்டுக்கொண்டு திரித்தால் வழுக்காமல் முறுக்கு ஏறும். நாளொன்றுக்கு இரண்டாக ஒரு மண்டலத்துக்குரிய 96 திரிகளை ஓலைப்பெட்டியில் அடுக்கித் தரலாம். ஆசிரியர் வேற்றுச் சமயத்தவராயின் திரியை விடுத்துச் சுருக்குப்பையைத் தேர்ந்துகொள்வதே பண்பு.

எதைக் கொடுத்தாலும் அதனுடன் நான்கு வரி எழுதிய தாள் ஒன்று செல்ல வேண்டும். வாழ்த்து அட்டையில் அச்சிட்ட புகழுரையைப் பார்த்து எழுதுவதில் பயனில்லை. வகுத்தல் கணக்கை எந்த நாளில் புரியவைத்தார், காய்ச்சலில் விழுந்தபோது யார் மூலம் பாடக்குறிப்பு அனுப்பினார் என்று குழந்தை தன் சொந்தச் சொற்களால் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்; திருத்துவதற்குத்தான் ஆசிரியர் இருக்கிறாரே!

பேரப்பிள்ளைக்கு உதவும் பெரியோருக்கும் ஒரு காலத்தில் ஆசிரியர் இருந்தார். எழுபது வயதைத் தொட்டவருக்குப் பாடம் சொன்னவர் தொண்ணூறைக் கடந்து, எங்கோ ஒரு தெருவில் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். விஜயதசமி அன்று அவரைக் கண்டு வணங்க நேரிட்டால், இரண்டாவது சுருக்குப்பை ஒன்றையும் தைத்து எடுத்துச் செல்லலாம். சுருக்குக் கயிற்றைச் சற்றுத் தடிமனாகக் கோக்க வேண்டும், அவருடைய விரல்களுக்குப் பிடி கிடைக்கும்படி. உடன் வைக்கும் தாளில் பெரிய எழுத்தாக எழுதி, எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்த பெஞ்சில் அமர்ந்திருந்த மாணவர் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும்.