மின்னஞ்சலுக்கும் ஒரு நேரம் வேண்டும்

அலுவலகத்திற்குள் நுழைந்து கணினியைத் திறந்ததும் ஊழியர்கள் பலர் முதலில் பார்ப்பது மின்னஞ்சலைத்தான். சிங்கப்பூரில் பன்னாட்டு நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கு இந்தச் சுமை சற்று அதிகம். இங்கு இரவு பத்து மணி என்றால் லண்டனில் பிற்பகல், நியூயார்க்கில் காலை. அங்கு வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் அனுப்பப்படும் அஞ்சல்கள் மறுநாள் காலையில் இங்கு குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி முடிப்பதற்குள் மதிய உணவு வேளை வந்துவிடும். அன்று முடிக்கவேண்டிய அறிக்கையோ தொடாமலே இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அதைத் தொடங்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் பெற்றோர் இங்கு குறைவில்லை.

மின்னஞ்சல் இதற்காகத் தோன்றியதல்ல. 1971ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே வலையமைப்பு வழியாக முதல் செய்தியை அனுப்பினார். தொலைபேசி மணி அடித்தால் உடனே எடுக்கவேண்டும். மின்னஞ்சல் அப்படியல்ல, பெறுபவர் தமக்கு வசதியான நேரத்தில் படித்துக்கொள்ளலாம். அதன் சிறப்பே அதுதான். ஆனால் இன்று அது தொலைபேசியைவிட அதிகமாக நச்சரிக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 124 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளியானது. அவர்கள் ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டுமே மின்னஞ்சல் பார்த்தனர். இன்னொரு வாரம் விருப்பம்போல் பார்த்தனர். மூன்று முறை பார்த்த வாரத்தில் அவர்களுக்கு மனஉளைச்சல் குறைந்திருந்தது. ஆனால் அடிக்கடி பார்க்காமல் இருப்பது பலருக்கு எளிதாக இல்லையாம். பழக்கம் அப்படி.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, புதிய அஞ்சல் வந்ததை அறிவிக்கும் ஒலியை நிறுத்துவது. காலையில் முக்கியமான வேலையைக் கொஞ்சம் நகர்த்திய பிறகு பத்து மணிக்கு ஒரு முறை, மதிய உணவுக்குப் பின் ஒரு முறை, வீடு செல்லுமுன் ஒரு முறை எனப் பார்த்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஹோட்டல் முன்பதிவு, வாடிக்கையாளர் சேவை போன்ற பிரிவுகளில் இருப்போருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மின்னஞ்சலே வேலை. மற்றவர்கள், "அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள்" என்று சக ஊழியர்களிடமும் மேலதிகாரியிடமும் சொல்லிவைக்கலாம். இதைச் சொல்லத்தான் பலருக்குத் தயக்கம்.

ஓர் அஞ்சலைத் திறந்து படித்துவிட்டு, "பிறகு பார்க்கலாம்" என்று மூடுவது அடுத்த தவறு. அதையே நாலு முறை படிக்க நேரும். இரண்டு நிமிடத்தில் முடியும் பதிலை உடனே எழுதிவிடலாம். நேரம் பிடிக்கும் வேலையாக இருந்தால், அதை நாட்காட்டியில் குறித்துவிட்டு அஞ்சலை ஒதுக்கிவைக்கலாம். பத்துப் பதினைந்து கோப்புறைகள் அமைத்து அடுக்கிவைப்பதால் பெரிய பயன் இல்லை. ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேரைக் கவனித்து 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பழைய அஞ்சலைத் தேடல் வசதி மூலம் கண்டுபிடிக்கச் சராசரியாக 17 விநாடிகளும் கோப்புறைகளில் தேட 58 விநாடிகளும் ஆயின.

நகல் அனுப்பும் வழக்கமும் பெரிய தொல்லை. தட்டச்சு இயந்திரக் காலத்தில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்தார்கள். மூன்றாவது நகலே மங்கிவிடும். அதனால் யாருக்கு அனுப்புவது என்று யோசித்தார்கள். இப்போது பத்துப் பேரைச் சேர்க்க ஒரு விநாடி போதும். பின்னால் பழி வராமல் இருக்க எல்லாரையும் சேர்த்துவிடுவோரே அதிகம். அந்தப் பத்துப் பேரின் நேரம் யார் கணக்கில் போகிறது?

குவியலை விரட்டி விரட்டிப் படிப்பவரின் கண்ணுக்குச் சிறு மாற்றங்கள் தெரியாமல் போகலாம். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூரில் மூலப்பொருள் வர்த்தக நிறுவனம் ஒன்றுக்கு, சரக்கு வழங்குநரிடமிருந்து வந்ததுபோல் ஓர் அஞ்சல் வந்தது. கிழக்குத் திமோரில் உள்ள புதிய வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும்படி அது கேட்டது. அனுப்பியவரின் முகவரியில் எழுத்துகள் லேசாக மாறியிருந்தன. நிறுவனம் 42.3 மில்லியன் அமெரிக்க டாலரை அனுப்பிவிட்டது. பணம் வரவில்லை என்று உண்மையான வழங்குநர் நான்கு நாள் கழித்துக் கூறியபோதுதான் விஷயம் தெரிந்தது. காவல்துறையும் இன்டர்போலும் விரைந்து செயல்பட்டதால் முதலில் 39 மில்லியன் டாலர் தடுத்து வைக்கப்பட்டது. எல்லாருக்கும் அப்படித் திரும்பக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக அஞ்சல் வந்தால், அதற்குப் பதில் எழுதிக் கேட்பதில் பயனில்லை. கேள்வி மோசடிக்காரரிடமே போய்ச் சேரும். அந்த அஞ்சலில் உள்ள எண்ணையும் நம்பக்கூடாது. ஏற்கனவே கைவசமுள்ள பழைய தொலைபேசி எண்ணில் அழைத்து, வழக்கமாகப் பேசும் ஆளிடமே கேட்கவேண்டும்.