அம்மா போட்டுத் தரும் முதல் பாவு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் பாவு, அதாவது நெடுக்கு இழைகள், முடிகிற நேரம். நெசவாளர் பழைய பாவை முழுதாக உருவிவிட மாட்டார். அச்சில் கோத்த இழைகளைக் கொஞ்சம் வால் விட்டு அப்படியே நிறுத்திவைப்பார். அந்த நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விட்டாலும் சேலையில் தெரியும். பிணைத்து முடிக்கும்வரை தறி ஓடாது.

பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்புக்கும் இப்படி ஒரு பிணைப்புக் காலம் உண்டு. முதல் பாவு அம்மா போட்டுக் கொடுத்தது. இரண்டாவதைக் குழந்தையே ஓட்ட வேண்டும். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம்: பிணைப்பு நடக்கும்போதும் தறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வந்துபோன நோய்களும் போட்ட ஊசிகளும் அவர் ரத்தத்தில் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களை விட்டுச் செல்கின்றன. அவற்றில் ஐஜிஜி என்ற வகை மட்டும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியின் செல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்து, மறுபக்கம் குழந்தையின் ரத்தத்தில் இறக்கிவிடுகின்றன. இதில் பெரும்பங்கு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் நடக்கிறது. அதனால் நிறைமாதக் குழந்தையிடம் அம்மாவுக்குச் சமமாக, சில சமயம் சற்றுக் கூடுதலாகவே ஐஜிஜி இருக்கும். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்குக் கிடைப்பது அரைகுறைப் பாவுதான்.

கர்ப்பிணிக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போடுவதும் இதற்காகவே. கையில் ஏறுகிற ஊசி அம்மாவோடு வயிற்றுப் பிள்ளையையும் காக்கிறது. ஒரு காலத்தில் அழுக்கான கத்தியால் தொப்புள்கொடி அறுத்து, பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க முடியாமல் தாடை இறுகிச் செத்த பிள்ளைகள் ஏராளம். 2015-இல், பச்சிளங்குழந்தை ரணஜன்னியை ஒழித்த நாடு என்ற சான்றை இந்தியா பெற்றது. கர்ப்பிணிக்கான ஊசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து செய்த வேலை அது.

அடுத்த உதவி சீம்பால். மாட்டுக்கன்றுக்கு நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி கிடைப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் அது ரத்தத்துக்குள் ஏற வேண்டும். மனிதக் குழந்தையின் ரத்தத்தில் முன்பே சரக்கு இருக்கிறது. எனவே நம் சீம்பாலில் உள்ள ஐஜிஏ என்னும் வகை ரத்தத்துக்குப் போகாமல், தொண்டையிலும் குடலிலும் பூச்சுப் போலப் படிந்து கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. தாய்ப்பாலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதிலுள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்கான தீனி அவை.

"பால் இன்னும் ஊறலையே, கொஞ்சம் சேனை வச்சா என்னம்மா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். பிறந்த குழந்தையின் வயிறு முதல் நாளில் சில மில்லிலிட்டர்தான் கொள்ளும். அதற்குச் சுரக்கிற சொட்டுச் சீம்பால் போதும். சேனையாக வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், தண்ணீரிலும் விரலிலும் உள்ள கிருமியையும் கொண்டுபோகும். தேன் இன்னும் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நச்சுக்கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்துவிடலாம். ஒரு வயதுவரை தேன் கூடாது.

அப்படியானால் குழந்தையிடம் சொந்தமாக ஒன்றும் இல்லையா? இருக்கிறது, ஆனால் அடக்கி வாசிக்கிறது. ஒன்பது மாதம் அம்மாவின் உடலுக்குள் சண்டை போடாமல் வாழ்ந்த பழக்கம். வெளியே வந்ததும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒரே நாளில் மேலே படிகின்றன. எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றால் தாங்காது. இந்தப் பொறுமைக்கு விலையும் உண்டு. முதல் வரிசைப் படையான வெள்ளணுக்களின் கையிருப்பு குறைவு, அவை கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதும் மெதுவாகத்தான். கிருமி ரத்தத்தில் கலந்தாலும் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல்கூட வராது. உடம்பு சில்லிடும், பால் குடிக்காது, துவண்டு கிடக்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் இதில் எதைக் கண்டாலும், காய்ச்சல் அடித்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அம்மா கொடுத்த ஐஜிஜி ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. குழந்தையின் சொந்தத் தயாரிப்பு மெல்லத்தான் ஏறும். எனவே மூன்று முதல் ஆறு மாதம்வரை மொத்தக் கையிருப்பு அடிமட்டத்தில் நிற்கும். தடுப்பூசி அட்டையில் 6, 10, 14 வாரம் என்று குறித்திருப்பது இந்தப் பள்ளத்தை மனத்தில் வைத்துத்தான். தட்டம்மை ஊசியோ ஒன்பது மாதம் காத்திருக்கிறது. முன்பே போட்டால், அம்மாவின் மிச்ச ஆன்டிபாடியே ஊசியிலுள்ள கிருமியை அடக்கிவிடும், குழந்தையின் உடல் எதையும் கற்காது.

பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜிக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், 1968-இல் தொடங்கிய பெரும் ஆய்வு அது. சுமார் 3,60,000 பேர் வாழ்ந்த வட்டாரம். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே அதிர வைத்தது. ஆனாலும் ஊசியைக் கைவிடவில்லை. காசநோய்க் கிருமி மூளை உறைக்குப் போவதிலிருந்தும் உடல் முழுக்கப் பரவுவதிலிருந்தும் சின்னக் குழந்தைகளை அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் தெளிவாகியிருந்தது. பெரியவருக்குப் பலிக்காத ஊசி பச்சைப்பிள்ளைக்கு உயிர்க்காப்பு.

இந்தப் பிணைப்புக் காலத்தில் காஞ்சிபுரத்து வைகாசிக் கருட சேவைக் கூட்டத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம். பெருமாள் அடுத்த வருஷமும் வருவார். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். சளி இருப்பவர்கள் வாசலோடு நிற்கட்டும். தடுப்பூசி அட்டையை பீரோவில் பூட்டாமல் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு தேதியும் ஓர் இழையைப் பிணைக்க வேண்டிய நாள்.