எலி தின்ற விரல்கள்! கையைப் பிடித்து உண்மை கண்ட வேலூர் டாக்டர்

கோவில் வாசலில், பஸ் நிலையத்தில் ஒரு தொழுநோயாளி கை நீட்டினால் நாம் என்ன செய்கிறோம்? நாலடி தள்ளி நின்று காசைப் போடுகிறோம். "தர்மம் பண்ணியாச்சு" என்று நடையைக் கட்டுகிறோம்.

தள்ளி நிற்காமல் அந்தக் கையையே பிடித்துப் பார்த்தார் ஒரு டாக்டர். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான். ஆனால், பிறந்தது நம்ம கொல்லிமலையில்!

அங்கே கிறிஸ்தவ ஊழியம் செய்து வந்த தம்பதிக்கு 1914-ல் பிறந்தார். மலைமக்களுக்கு மருத்துவம் பார்த்த தந்தை, 1929-ல் காய்ச்சல் கண்டு இறந்தார். மகன் இங்கிலாந்தில் முதலில் கட்டிட வேலை, தச்சு வேலை கற்றார். பிறகுதான் டாக்டர் படிப்பு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

இரும்புப் பிடி

ஒருநாள் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது!

ஊர் ஒதுக்கிய கையில் அவ்வளவு பலம்! சில தசைகள் செயல் இழந்தாலும் மற்றவை நன்றாகவே இருந்தன. பலமுள்ள தசையின் நாரை இடம் மாற்றித் தைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன!

காவலுக்குப் பூனை

இந்த நோயில் விரல்கள் தானாக அழுகி விழும் என்றே அப்போது நம்பினார்கள். பிராண்ட் கூடவே இருந்து கவனித்தார். அடுப்பில் கை வெந்தாலும், காலில் ஆணி ஏறினாலும் நோயாளிக்குத் தெரியவில்லை. வலிதான் இல்லையே! காயத்தோடு வேலை செய்து செய்தே விரல் தேய்ந்தது.

சிலருக்கோ, ராத்திரி இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. கண் விழித்துப் பார்த்தால்... எலி கடித்துக் கொண்டிருந்தது! அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

பிச்சையும் போச்சு!

கை சரியான சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். மடங்கிய கைக்குக் காசு விழுந்தது. நிமிர்ந்த கைக்கு விழவில்லை. வேலை தரவும் ஆள் இல்லை!

ஆபரேஷன் மட்டும் போதாது என்று பிராண்டுக்குப் புரிந்தது. "நவஜீவ நிலையம்" உருவானது. தான் கற்ற தச்சுத் தொழிலை அங்கே சொல்லிக் கொடுத்தார். மரப்பொம்மை செய்து பிழைக்கக் கற்றார்கள்.

தொழுநோயாளியை ஏசு தொட்டுக் குணமாக்கினார் என்கிறது பைபிள். பிராண்டும் தொட்டார். 1966-ல் அமெரிக்கா போய், அங்கும் தொழுநோயாளிகளுக்கே சிகிச்சை செய்தார். 2003-ல் காலமானார்.

இன்று அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். நோயின் தன்மைக்கேற்ப 6 மாதமோ, ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்தை அரசு கொடுத்துவிடும். வேலை? குடியிருக்க வீடு? குணமானவர் கடை வாசலில் வந்து நின்று, "அய்யா, காசு வேணாம், ஏதாவது வேலை கொடுங்க" என்றால், நாம் என்ன சொல்லப் போகிறோம்?