சிறுசேரியில் இருந்து மெதுவா ஒரு சைக்கிள் ரவுண்டு: எங்கே போகலாம், எப்போது போகலாம், பழைய ரயில் பாதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்டால் கேப், கேன்டீன், ஓஎம்ஆர் டிராஃபிக் என்ற மூன்றில்தான் பேச்சு முடியும். ஆனால் அதே அலுவலக வாசலில் இருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உப்பளம், கழிமுகம், கடற்கரை எல்லாம் இருக்கின்றன. சிப்காட்டின் பின்பக்கம் போனால் ஏரிக்கரை. இதையெல்லாம் காரில் ஏசி போட்டுக்கொண்டு கடந்தால் ஒன்றுமே கண்ணில் படாது. நடந்து போனால் வெயில் வந்துவிடும். சைக்கிள்தான் சரியான வேகம்.

இங்கே சொல்வது ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஈசிஆரில் பறக்கும் விஷயம் இல்லை. மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். டீக்கடை வந்தால் நிறுத்தலாம், பறவை தெரிந்தால் நிறுத்தலாம். ‘சைக்கிள் டூரிங்’ என்று வெளிநாட்டில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் எளிய வடிவம் இதுதான்.

கியர் சைக்கிள் வேண்டுமா?

வேண்டாம். தாம்பரத்துக்குத் தெற்கே ஆங்காங்கே குன்றுகள் உண்டு. ஆனால் ஓஎம்ஆருக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது சுத்தமான கடலோரச் சமவெளி. இந்தப் பக்கம் ஏறியே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குப் புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் கோயில் குன்று இருக்கிறது, அதுவும் படிக்கட்டுதான், சைக்கிளைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். பள்ளியில் அரசு கொடுத்த இலவச சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தால், செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையைப் பார்த்து, டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடித்தால் போதும். முதல் சில ரவுண்டுகளுக்கு அதுவே தாராளம். 50 ஆயிரத்துக்கு சைக்கிள் வாங்கி பால்கனியில் துணி காயப்போடும் நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார்.

உப்பளம் வழியாக கோவளம்

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் முதல் ரூட். சிப்காட்டில் இருந்து ஓஎம்ஆருக்கு வந்து தெற்கே திரும்பினால் படூர், அடுத்து கேளம்பாக்கம். அங்கே இடதுபுறம் கோவளம் சாலை பிரிகிறது. அந்தத் திருப்பத்துக்குப் பிறகு காட்சி மொத்தமாக மாறிவிடும். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். மரம் கிடையாது, கட்டடம் குறைவு, வானம்தான் பெரிசு. சாலை பக்கிங்காம் கால்வாயையும் கழிமுக நீரையும் கடந்து போகும். குளிர்காலத்தில் இங்கே வலசைப் பறவைகள் வரும். சிவப்புக் கால்களை நீட்டி நிற்கும் பவளக்கால் உள்ளானை அடையாளம் காண பைனாகுலர்கூடத் தேவையில்லை.

மழைக்குப் பிறகு, அதாவது டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. ஏரிகளில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். கோவளத்தில் தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. போகவர 20 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஐந்தரைக்குக் கிளம்பினால் கடலைப் பார்த்து, இட்லி சாப்பிட்டு, எட்டரைக்குள் திரும்பிவிடலாம். ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு ஆஜர்.

இது பழகிவிட்டால், கேளம்பாக்கத்தில் திரும்பாமல் நேராகப் போய் தையூர் ஏரி, திருப்போரூர் என நீட்டிக்கொள்ளலாம். மாமல்லபுரம் வரை போவது அரைநாள் வேலை.

மேடு இல்லை, ஆனால் காற்று இருக்கிறது

தட்டையான நிலத்தில் ஓட்டுபவருக்கு மலை என்பது காற்றுதான். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், உங்கள் உடம்பைப் பொறுத்தவரை அது 30 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடும். ஆக, வேகம் இரண்டு மடங்கு என்றால் தடை நான்கு மடங்கு. உப்பளச் சாலையில் ஒதுங்க மரமோ சுவரோ இல்லாததால் இதை முழுசாக உணரலாம்.

நம் ஆட்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்ததில் காரணம் இருக்கிறது: கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து கோடை, வடக்கே இருந்து வாடை, தெற்கே இருந்து தென்றல். விடியற்காலையில் நிலத்தில் இருந்து கடலை நோக்கி லேசான காற்று இருக்கும். பகல் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று உள்ளே வரும். அதனால் சீக்கிரம் கிளம்பினால் கோவளம் போகும்போது முதுகில் காற்று. திரும்பும்போது அதே காற்று கொஞ்சம் முகத்தில் அடிக்கும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் மாதிரி தெற்கு வடக்காகப் போகும் ரூட்டில் வடகிழக்குப் பருவக்காற்று வேறு கதை. போகும்போது தள்ளிவிடும், வரும்போது வட்டியோடு வசூலிக்கும்.

உண்மையான சிக்கல் எது?

ஓஎம்ஆர்தான். சிறுசேரியில் இருந்து கேளம்பாக்கம் போவதற்குள் அந்த சுமார் 5 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி. சைக்கிளுக்கெனத் தனித்தடம் இல்லை. தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் ஒரே ஓரத்தில். மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதையின் பணிகளும் இந்தச் சாலையில்தான். ‘கவனமா ஓட்டுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எட்டு மணிக்கு மேல் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் இந்தச் சாலையில் சைக்கிள்காரரின் உயிர் அடுத்தவர் கையில்தான். அதனால் அந்தப் பகுதியை ஆறு மணிக்குள் கடந்துவிடுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். திரும்பும்போது போக்குவரத்து கூடிவிட்டால், சர்வீஸ் சாலை இருக்கும் இடத்தில் அதில் போங்கள். இல்லாத இடத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் சாலையை விட்டே விலகி ஓட்ட ஒரு வழி கிடையாதா? இங்கேதான் ரயில் பாதை வருகிறது.

ரயில் போன வழியில் சைக்கிள்

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஓடுவதற்கு அது வசதி, ஏறுவதற்குச் சிரமம். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பதே ரயிலுக்குப் பெரிய விஷயம். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, திருப்பங்களை அகலமாக்கித்தான் பாதை போடுவார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, யாரோ சைக்கிளுக்காகவே கட்டிக்கொடுத்த மாதிரியான தடம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் நடுவே கைவிடப்பட்ட ரயில் தடம் 1979 முதல் 1986 வரை படிப்படியாக சைக்கிள் பாதையாக மாற்றப்பட்டது. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். ஸ்பெயினில் 1993-ல் தொடங்கிய ‘பசுமை வழிகள்’ திட்டத்தில் இப்படி 3,000 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது.

தாம்பரம் பக்கம் இப்படி ஏதாவது கிடைக்குமா? கிடைக்காது. பீச் முதல் தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை 2004-ல் விடைபெற்றது. ஆனால் அந்த இடம் ஒருநாள்கூடச் சும்மா கிடக்கவில்லை, அகலப் பாதையாகிவிட்டது. லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போகும் தடம் அது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நம் பக்கம் அதே மாதிரி மட்டமாக ஓடும் இன்னொரு பழைய வழி பக்கிங்காம் கால்வாய். தண்ணீருக்கும் மேடு ஏறத் தெரியாதே! 1806-ல் சென்னையில் இருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, இருபுறமும் நீண்டு, 1876-78 பஞ்ச காலத்தில் கூலிக்கு வந்த மக்களின் உழைப்பில் நகருக்குள் இணைக்கப்பட்ட கால்வாய் இது. தெற்கே மரக்காணம் வரை போகிறது. உப்பு, விறகு ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துப் போவார்கள். அதாவது கரையோடு நடைபாதை என்பது இந்தக் கால்வாயின் அங்கமாகவே இருந்தது. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாயிலேயே நிற்கின்றன. அங்கே பேச்சுக்கே இடமில்லை. கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் இன்னும் வெளி இருக்கிறது. ஓஎம்ஆரில் ஓரமாகப் பெயின்ட் அடித்து ‘சைக்கிள் தடம்’ என்று எழுதுவதைவிட, இந்தக் கரையில் ஒரு மண்பாதையாவது விட்டுவைப்பது பலன் தரும். கரை முழுக்க மனையான பிறகு யோசித்துப் பயனில்லை.

ஒரு லாங் வீக்எண்டு கிடைத்தால்

கைவிடப்பட்ட ரயில் தடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மயிலாடுதுறைக்குப் போங்கள். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை 1926-ல் திறக்கப்பட்டு, 1986-ல் நிறுத்தப்பட்டது. தண்டவாளம் இப்போது இல்லை. கேட்கும்போதே ‘அடடா, சைக்கிள் பாதைக்கு ஏற்ற இடம்’ என்று தோன்றும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கேட்பது சைக்கிள் பாதை இல்லை, ரயிலை. நம்முடைய ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காக அவர்களுடைய தினசரித் தேவையை மறக்க முடியாது. ரயில் திரும்ப வந்தால், அதோடு ஒட்டி ஒரு சைக்கிள் பாதையும் கேட்கலாம்.

அதுவரை சாலை இருக்கிறது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என வயலும் வாய்க்காலுமாகப் போகும் காவிரி டெல்டா வழி. ஒரு மேடுகூடக் கிடையாது. சைக்கிளை ரயிலில் கொண்டுபோக முன்கூட்டியே பார்சல் ஆபீஸில் புக் செய்யுங்கள். பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள். உதிரி டியூப் ஒன்று, கைப்பம்பு ஒன்று பையில் இருக்கட்டும். ஞாயிறு காலையில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. திருக்கடையூரில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டைக்கு வெயில் உறைப்பதற்குள் போய்ச் சேரலாம். திரும்பும்போது பகல் ஏறிவிட்டால் கவலை வேண்டாம், கொண்டல் முதுகில் இருக்கும்.