தட்டிப் பார்த்து வாங்குவோம்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



நம் விருத்தாசலத்தில் சூளையிலிருந்து இறங்குகிற பீங்கான் சாமானைத் தரம் பார்ப்பவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கையில் எடுத்து விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். நன்றாக வெந்து, கீறல் இல்லாமல் இருந்தால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால், மேல்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், சத்தம் செத்துப்போய் வரும். உங்களில் பலர் இந்த வேலையிலேயே வளர்ந்தவர்கள். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காதை இப்போது வேறொரு சரக்கின் மேல் வைக்க வேண்டியிருக்கிறது.

ஒலிப்பதிவுக் கருவிகள் வாங்க நம் பங்கில் நிதி சேர்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். வானொலி மறையுரைக்கும் பாடகர் குழுவின் பாடல்களுக்கும் அவை பயன்படும். அந்தப் பணம் யார் யார் கூலியிலிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன், படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோனேன். தலைமாட்டில் சின்ன ரேடியோ இருந்தது. "நம்ம உரையைக் கேக்கிறீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "கேக்கிறேன் சாமி. உங்க கொரலு வருது. சொல்லுதான் வரல" என்றார். நல்ல கருவி, மட்டமான கருவி என்ற பேச்சு எனக்கு அந்தக் கட்டிலருகே தொடங்கியது.

முன்பு ஒரு தவறும் செய்திருக்கிறோம். வெளியூர்க் கடையொன்றில், கடைக்காரத் தம்பியின் பேச்சில் மயங்கி, கண்டென்சர் மைக், தாங்கி, வடிகட்டி எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கி வந்தோம். நம் அறையில் வைத்துப் பதிந்தால் மின்விசிறி, ஜங்ஷனில் வண்டி மாறும் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் தெளிவாக விழுந்தன. என் பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மைக் மோசம் என்று நினைத்தோம். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அறையில் இருந்ததை எல்லாம் அது கேட்டது.

அறையிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரின் பெருமையே இங்கே நமக்கு எதிரி. தரையிலும் சுவரிலும் ஓடு பதித்த அறை அது. பளபளப்பான பீங்கான் ஓடு தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் உறிஞ்சும், மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஒரு சொல் சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் அடுத்த சொல்லைப் பேசிவிடுகிறோம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பாட்டிக்குக் குரல் வந்து சொல் வராமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஆலயங்களில் வாசிக்கும் ஆர்கனின் ஒற்றைக் குழலை ஊதச் செய்து, நிறுத்தியபின் அந்த ஒலி காதுக்குக் கேட்காமல் மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினார். சுமார் ஐந்தரை விநாடி ஆனது. பிறகு பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து மண்டபத்தில் பரப்பினார். சில மெத்தைகள், மறுபடி அளவு; இன்னும் சில, மறுபடி அளவு. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அந்தக் கணக்கிலிருந்து அவர் கண்ட விதியை வைத்துத்தான் 1900-இல் பாஸ்டன் நகரின் இசை அரங்கு கட்டப்பட்டது. இன்றும் அரங்கு கட்டுபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவரிடம் இருந்த முக்கியக் கருவி அவருடைய காது.

நம்மிடமும் மெத்தைக்குச் சமமான ஒன்று இருக்கிறது. சக்கிரீஸ்தில் திருப்பலி உடுப்புகள் தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து, அதன்முன் நின்று கைதட்டிப் பாருங்கள். பிறகு நாம் பதிந்த அறைக்கு வந்து தட்டுங்கள். முன்னதில் தட்டு உடனே அடங்கும், பின்னதில் 'ஞொய்' என்று ஒரு வால் நீளும். செலவில்லாத சோதனை இது. கனமான ரசாய், கம்பளி, மடிப்பு விழுந்த திரைச்சீலை எல்லாம் உதவும். முட்டை அட்டையை ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது பார்வைக்குத்தான் ஸ்டூடியோ, உறிஞ்சுவது மிகக் குறைவு. அப்புறம், துணி எதிரொலியைத்தான் குறைக்குமே தவிர ரயிலை நிறுத்தாது. ரயிலுக்கு மருந்து கால அட்டவணைதான்.

இனி மைக். பேச்சுக்கும் பாட்டுக்கும் பெரும்பாலும் இரண்டு வகை. டைனமிக் மைக் முரடு. பக்கத்தில் பேசினால்தான் நன்றாகக் கேட்கும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகச் சட்டை செய்யாது. 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகை, இன்றும் மேடைகளில் அதைத்தான் பார்க்கிறோம். கண்டென்சர் மைக் நுணுக்கமானது. பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், அறை அமைதியாக இருந்தால் அழகாகப் பதியும். நம் அறை அமைதியாக இல்லை. ஒருவர் பேசும் மறையுரைக்கு நான் டைனமிக் பக்கமே சாய்கிறேன். பத்துப் பேர் நின்று பாடும் குழுவுக்கு அது போதாது. அதற்கு ஆலயத்தையே அறையாகக் கொண்டு, கண்டென்சர் மைக்கைத் தள்ளிவைத்துப் பதியலாம். பாட்டுக்குக் கொஞ்சம் எதிரொலி அழகு. எந்த மைக்கானாலும் தூரம் முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், விசிறிச் சத்தமோ குறையாமல் நிற்கும். விலை உயர்ந்த மைக்கை இரண்டடி தள்ளி வைப்பதைவிடச் சுமாரான மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைப்பது மேல்.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 44.1, 48, 96, 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். ஒரு விநாடியில் ஒலியை எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பதே அந்த எண். மனிதக் காது இளமையில் கேட்பது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதைப் பிடிக்க இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும். பேச்சுக்கு 48 தாராளம். 192-இல் பதிந்தால் கோப்பு நான்கு மடங்கு பெருக்கும், பாட்டியின் ரேடியோவில் ஒரு வித்தியாசமும் இருக்காது. 16 பிட், 24 பிட் என்பது வேறு விஷயம். 24-இல் பதிந்தால், சத்தம் குறைவாகப் பதிவாகிவிட்டாலும் பிறகு கெடாமல் ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே 24 நல்லது. அதற்குமேல் அந்தப் பெட்டிகளுக்குக் கூடுதல் விலை தர வேண்டாம்.

மென்பொருளுக்கு வருவோம். ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மறையுரையைப் பதிந்து, இருமலை வெட்டி, அளவைச் சமன்செய்ய அது போதும். பாடகர் குழுவுக்குப் பல தடங்களை அடுக்கிக் கலக்க வேண்டுமென்றால் ரீப்பர் போன்றவை வசதி. அதை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். விசிறி போல ஒரே சீராக ஓடும் சத்தத்தை மென்பொருள் ஓரளவு எடுத்துவிடும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும். எதிரொலியை எடுப்பது கடினம். அது நம் குரலேதான், எந்தக் குரலை வெட்டுவது என்று கணினி தடுமாறும்.

எதை வாங்குவது என்று எப்படி முடிவு செய்வது? நூறாண்டுக்கு முன் நடந்த ஒரு வேலை இதற்கு வழிகாட்டுகிறது. ஜார்ஜ் கிரியர்சன் என்பவர் பொறுப்பில் நடந்த இந்திய மொழிகள் ஆய்வுக்காக, 1913 முதல் 1929 வரை நாட்டின் பல மொழிகளைக் கிராமபோன் தட்டுகளில் பதிந்தார்கள். 1920-களில் சென்னை மாகாணத்திலும் பதிவு நடந்தது, தமிழும் அதில் உண்டு. மொழிக்கு மொழி மக்கள் பேசிய பொதுப் பகுதி என்ன தெரியுமா? லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமை. எல்லாரும் ஒன்றையே சொன்னால்தான் மொழிக்கும் மொழிக்கும் உள்ள வேற்றுமை தெரியும். ஆளுக்கொரு கதை சொன்னால் எதை எதோடு ஒப்பிடுவது? கடைகளில் ஒரு மைக்கை ஒருவர் பாட்டோடும் இன்னொன்றை மற்றொருவர் பேச்சோடும் காட்டுகிறார்கள். அதில் நாம் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆகவே ஒரே ஆள், ஒரே பகுதி, ஒரே இடம், ஒரே தூரம். பகுதியில் வலி, வளி, வழி மூன்றும் வரட்டும். எடு, ஏடு இரண்டும் வரட்டும். நம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர்தான் எ, ஏ இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டினார் என்று படித்திருக்கிறோம். எழுத்தில் அவர் பிரித்துத் தந்ததை மைக் ஒன்றாக்கிவிடக் கூடாது. பதிந்தவற்றை 1, 2, 3 என்று எண்ணிட்டு, எது எந்தக் கருவி என்று கேட்பவர்களுக்குச் சொல்லாமல் போட வேண்டும். அதற்குமுன் மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் எல்லாம் வீண். சற்று உரக்க ஒலிப்பதைக் காது 'நல்லது' என்று சொல்லிவிடும். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

தெரிந்தவர்களிடம் மூன்று மைக்குகள் இரவலாகக் கேட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை மாலை திருப்பலி முடிந்ததும் சக்கிரீஸ்தில் பதிவோம். வாசிப்பவர் நம் மறைக்கல்வி ஆசிரியை. மெமரி கார்டு போடும் சின்ன ரேடியோ வைத்திருப்பவர்கள் அதை எடுத்து வாருங்கள். ஸ்டூடியோ ஹெட்ஃபோனில் எதுவும் நன்றாகத்தான் கேட்கும், நமக்கு வேண்டியது அந்த ரேடியோவில் கேட்பது. அவரவர் கேட்ட சொற்களைத் தாளில் எழுதித் தாருங்கள். பிழையின்றி அதிகச் சொற்கள் எந்த எண்ணுக்கு வருகிறதோ, அதன் விலையை அப்புறம் பார்ப்போம். பாட்டியால் ஆலயத்துக்கு வர முடியாது. அந்தக் கார்டை ஞாயிறு பிற்பகல் நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.